சேனைக்கு வைத்த தேன்

முதல் வெயில் பெட்டி வாசலில் விழுந்தது. ஒரு தேனீ வந்து வேலாத்தாளின் ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. கனமே இல்லை.

முருங்கைத் தோப்பின் ஓரம் பன்னிரண்டு தேன்பெட்டிகள். புருஷன் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணை அவைதான். சித்திரையில் எடுத்த தேனில் ஒரு சின்னக் குப்பி மட்டும் தனியே இருந்தது. தம்பி குமரேசனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு.

சேனை வைக்க. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

தாலி அறுத்தவளை யார் கூப்பிடுவார்கள்? தம்பி கூப்பிட்டான். "எங்கக்காதான் வெக்கோணும்" என்று ஊர் வாயை அடைத்தான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

ஆனால் பெட்டி வாசலில் தேன்பூச்சிகள் செத்துக் கிடந்தன. தினமும் கிடந்தன. தோப்புக்கு அப்பால் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை வந்ததிலிருந்து இப்படி. அதன் புகை முருங்கைப்பூ மேல் மெல்லப் படிந்தது.

அவள் செத்ததைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, குப்பித் தேனில் கொஞ்சம் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த பெண் செத்த பூச்சியையும் கேட்டாள். செத்ததில் என்ன இருக்கப்போகிறது என்று முனகிக்கொண்டேதான் மறுநாள் கொடுத்தாள்.

அதில்தான் இருந்தது.

"தேன்ல துளி ஈயந்தானுங்க. மெழுகுல கொஞ்சம். மிச்சமெல்லாம் பூச்சி ஒடம்புலயே நின்னுபோச்சு" என்றாள் அந்தப் பெண், போனில். "ஆனா அந்தத் துளியும் கொழந்தைக்கு ஆகாதுங்க."

வேலாத்தாள் பெட்டி வாசலில் செத்துக் கிடந்த ஒரு பூச்சியைக் குனிந்து பார்த்தாள். நகக்கண் அளவு உடம்பு. பூவிலிருந்தது, புகையிலிருந்தது, எல்லாவற்றையும் சுமந்து வந்து, நஞ்சைத் தன்னோடு வைத்துக்கொண்டு, இனிப்பை இறக்கி வைத்திருக்கிறது.

கும்பிடத் தோன்றியது. கூட்டித் தள்ளிய கையை நினைத்துக் கூசியது.

மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்தன. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"தேன் எங்கக்கா?" என்றான் குமரேசன்.

குப்பி மடியில்தான் இருந்தது. ஒரு துளி. யாருக்குத் தெரியப்போகிறது? இந்த விரலை இனி யார் கூப்பிடுவார்கள்?

"கொண்டாந்திருக்கேன் கண்ணு. ஆனா வெக்க மாட்டேன். ஈயம் கலந்திருக்குது."

கட்டிலில் கிடந்த தம்பி மனைவி மேகலா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்பாலைத் தொட்டு வைங்க நங்கையா. உங்க கொணம்தான் எம்புள்ளைக்கு வேணும்."

விரல் நுனியில் ஒரு துளி பால். பிள்ளை சப்பியது. வேலாத்தாள் அழுதுவிட்டாள்.

மறுநாளும் முதல் வெயில் பெட்டி வாசலில் விழுந்தது. அமாவாசைக்குள் பெட்டிகளை மலையடிக்கு மாற்றிவிட வேண்டும். துடைப்பத்தை அவள் தொடவில்லை. செத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் இட்டுக்கொண்டாள்.

ஒரு தேனீ வந்தது. பிள்ளை சப்பிய அதே விரலில் உட்கார்ந்தது.

கனத்தது.