டயர் ஆறும் நேரம்

அப்பாவைக் கிடத்த வந்த ஐஸ் பெட்டியை உருட்டித்தான் கொண்டு வரவேண்டும் என்று சந்தியா சொல்லிவிட்டாள். தூக்கப் போன நாலு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு படி ஏத்துனா ஹாலுமா. அங்கயே வெச்சிடலாமே" என்றான் பெட்டி கொண்டுவந்த முனியன்.

"ஹால்ல எடம் கம்மி. கார் ஷெட்லயே வைங்க."

சித்தப்பா சின்னக்கண்ணு தயங்கினார். "இந்தத் தரையில செருப்புக் காலக்கூட வைக்க உட மாட்டாரே உங்கப்பா."

"இப்ப யாரு கேக்கப்போறா? உருட்டச் சொல்லுங்க சித்தப்பா."

ஹாலில் இடம் தாராளமாகவே இருந்தது. பெட்டி ஷெட்டில் இருந்தால் அக்காவின் கார் உள்ளே வர முடியாது. விஷயம் அவ்வளவுதான். அப்பா செத்த அன்றைக்குமா புத்தி இப்படிப் போகும் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரும்புச் சக்கரம் அந்தச் சாம்பல் நிறத் தரையைக் கீறிக்கொண்டு போன சத்தம் வயிற்றில் பால் வார்த்தது.

ரிஷிவந்தியத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு ஷெட் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பு அக்கா தனுஷா சென்னையில் கார் வாங்கினாள். பொங்கல், ஆடி, தீபாவளி என்று வந்து நிற்கப்போகிற அந்தக் காருக்காக, கரும்பைத் தவிர வேறொன்றும் அறியாத அப்பா பூமாலை, கள்ளக்குறிச்சி கார் கம்பெனியில் பார்த்தது மாதிரியே வேண்டும் என்று ஆள் பிடித்துத் தரைக்கு எபாக்ஸி கோட்டிங் என்கிற வழவழப்பான பெயிண்ட் போட்டார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. முதல் பொங்கலுக்கு வந்த கார் திரும்பக் கிளம்பியபோது, சூட்டோடு நின்ற டயரில் ஒட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து சட்டம் வந்தது. கார் முதலில் தெருவோரப் புங்கமரத்தடியில் ஒரு மணி நேரம் ஆற வேண்டும். டயர் இடுக்கிலிருக்கும் சரளைக் கற்களை அப்பா ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பார். மண் போகத் தண்ணீர் அடிப்பார். அப்புறம்தான் கார் உள்ளே வந்து ரப்பர் மேட்டின் மேல் நிற்கும்.

சந்தியாவின் ஸ்கூட்டிக்கு அந்த ஷெட்டில் இடமில்லை. ஸ்டாண்டு குத்திப் பள்ளம் விழுமாம். அவள் தினமும் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டி மழையிலும் வெயிலிலும் வாசலில் நின்று சீட்டு கிழிந்துபோயிருந்தது. அம்மா போன பிறகு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அப்பாவுக்கு வடித்துக் கொட்டியவள் அவள். சீராட்டு மட்டும் காருக்கும் காரில் வருகிறவளுக்கும். பொறாமை என்றால் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க அவள் முயன்றதில்லை.

ஒன்றில் மட்டும் இன்றைக்கு அவள் கை ஓங்கியிருந்தது. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் அதைச் சொன்னாள்.

"விடிகாலைல தண்ணி கேட்டாரு. நாந்தான் குடுத்தேன். ரெண்டு மொடக்கு குடிச்சிட்டு என்னியே பாத்துக்கினு இருந்தாரு. அவ்ளோதான்."

"கடைசித் தண்ணி உன் கையாலன்னு இருந்திருக்கு" என்றார்கள். எத்தனை தடவை கேட்டும் அவளுக்கு அலுக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. தனுஷாவின் வீட்டுக்காரர் துபாயில். ஒற்றை ஆளாகவே ஓட்டி வந்திருந்தாள். பறை அடிக்கிறவர்கள் வேகம் கூட்டினார்கள். கட்டிக்கொண்டு அழப் பெண்கள் எழுந்து நின்றார்கள். கார் புங்கமரத்தடியில் நின்றது. இஞ்சின் அணைந்தது. கதவு திறக்கவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. எழுந்த பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"இன்னாமா, எறங்காம குந்தினுக்குது? போய்க் கூட்டினு வா" என்றார் சித்தப்பா.

சந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குமா ஆரத்தி எடுத்து இறக்க வேண்டும்? விறுவிறுவென்று போய்த் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. தனுஷா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் பாக்கறாங்க. எறங்குக்கா."

"டயரு சூடா இருக்கு."

"இன்னா சொல்ற?"

"இங்க நிறுத்துனா அப்பா வந்து டயராண்ட குந்துவாரு. நான் கதவத் தொறந்து வெச்சிக்கினு இப்பிடியே ஒக்காந்திருப்பேன். கல்ல நோண்டிக்கினே பேசுவாரு. ஒரு மணி நேரம். நாங்க பேசறதே அப்பதான். உள்ள வந்துட்டா டிவி பாப்பாரு."

அந்த ஒரு மணி நேரமும் சந்தியா அடுப்படியில் இருந்திருக்கிறாள், அக்காவுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு. மோட்டார் போட்டியா, கேஸ் சொன்னியா, துணி காஞ்சிடுச்சா. அப்பா அவளிடம் பேசியது இவ்வளவுதான்.

"இன்னா பேசுவாரு?"

"எல்லாந்தான். நெஞ்சு அடைக்கிற மாரி இருக்குதுன்னு ஆடிக்கு வந்தப்பவே சொன்னாரு."

சந்தியா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"எங்கிட்ட சொல்லலியே."

"உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா வேலய உட்டுட்டு வூட்லயே குந்திக்குவா, எனக்காக அவ கெட்டது போதும்னாரு. டாக்டரப் பாத்துட்டேன்னு போன்ல சொன்னாரு. நான் நம்பிட்டேன் சந்தியா."

அப்பாவுக்கு வலித்தது என்பதைவிட, அந்த வலியை அக்காவிடம் சொல்லியிருக்கிறார் என்பதுதான் முதலில் சுட்டது. அப்படிச் சுட்டதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மடக்குத் தண்ணீர் ஒன்றுமில்லாமல் போயிற்று. அக்காவை ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பறை ஓய்ந்திருந்தது. "குளுப்பாட்டணும், நேரமாவுது. ரெண்டு பேரும் வாங்கமா" என்று சித்தப்பா குரல் கொடுத்தார்.

சந்தியா காரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கண்ணாடிய ஏத்து."

தனுஷா ஏற்றினாள்.

"இன்னும் இன்னா சொன்னாரு? மொதல்லருந்து சொல்லு."

தனுஷா சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே சித்தப்பா கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.