பன்னிரண்டு சீட்டுப் பெட்டி

கரட்டுப்புதூரில் பெட்டிக்குள் போகாத எதுவும் நடந்ததாக ஆகாது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பா அளவுதான். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதில் நடந்ததை எழுதிய பன்னிரண்டு சீட்டு. அதற்கு மேல் திணித்தால் மூடி மூடாது. மூடிய பெட்டியின் நகல் மறுநாள் விடிகாலையில் நானூறு வீட்டு வாசலிலும் இருக்கும். திறந்து படித்து, சரியாக இருந்தால் உள்ளே எடுத்து அடுக்க வேண்டும்.

அன்றன்று காலை முதலில் இரட்டைக் கரு முட்டையை உடைத்தவர்தான் பெட்டியை மூடுவார். எந்தப் பன்னிரண்டு என்பதும் அவர் இஷ்டம். அதனால் ஊரே முட்டை உடைத்து மூன்று வேளையும் ஆம்லெட் தின்றது. கோகிலவாணி வீட்டில் ஒரே கோழி, ஒரே முட்டை. பண்ணைக்காரர் பொங்கியண்ணன் வீட்டில் ஆயிரம் உடைபடும். இதெல்லாம் ஒரு போட்டியா? ஆனாலும் கோகிலா தன் ஒற்றை முட்டையைத் தினமும் நெஞ்சு படபடக்கத்தான் உடைப்பாள்.

அவள் குழந்தை பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சீட்டு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. ஆகவே அவள் பதினெட்டு மாதக் கர்ப்பிணி. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், மாங்காய் கொண்டுவந்தார்கள். பாப்பா தரையெல்லாம் தவழ்ந்தது, ஆனால் பேர் வைக்க முடியாது, காது குத்த முடியாது. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதுகூட இல்லை. பிறக்காத பிள்ளையிடம் என்னவென்று சிரிப்பது? அதுதான் கோகிலாவுக்குத் தாங்கவில்லை. டெய்லர் அங்கமுத்து பாடு இன்னும் மோசம். தை மாதமே செத்துப்போனவர், சீட்டுப் போகாததால் இன்னமும் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அளவெடுக்கும்போது கை மட்டும் சில்லென்று இருக்கும்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டு, பெட்டியைப் பீரோ அளவுக்குப் பெரிதாக்கலாம் என்றார் பொங்கியண்ணன்.

"காத்திருக்கறது அத்தனையும் ஒரே நாள்ல போயிருமுங்க. கோகிலா, உம்பட புள்ள நாளைக்கே பொறந்துரும் அம்மிணி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறென்ன வேண்டும் அவளுக்கு?

"தினம் ஒரு பீரோன்னா எங்கீங்க வெக்கிறது?" என்றான் அவள் புருஷன் பழனிவேல். அவர்களுக்கு ஒற்றை அறைதான். ஏற்கெனவே பெட்டிகளை அடுக்கி அதன் மேல்தான் படுக்கிறார்கள்.

"நீங்க எதுக்கு வெக்கோணும்? எம்பட குடோன்ல இருக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு தெரியோணும்னா வந்து கேளுங்க, சொல்றேன்." பிரியமாகத்தான் சொன்னார்.

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த கொழுந்தன், "எங்க பிட்காயின்லயும் இதே பஞ்சாயத்துதானுங்க அண்ணி," என்றான். "பிளாக்குங்கற கணக்குப் பொட்டியப் பெருசாக்குனா க்யூ கொறையும். ஆனா பெரிய மெசின் இருக்கறவன் வெச்சிருக்கறதுதான் நெசம்னு ஆயிரும்." பாவம், உங்களுக்குமா என்று அவனுக்கு ஒரு ஆம்லெட் வைத்தார்கள்.

கோகிலாவுக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. பொங்கியண்ணன் மூடிய பெட்டி ஒன்றில், ஊர்க் கிணறு அவருக்குத் தானமாகத் தரப்பட்டதாக ஒரு சீட்டு. நானூறு வீடும் படித்துப் பார்த்து, பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டன. ஆகவே கிணறு தரப்படவில்லை. மறுநாள் அவரும் குடத்தோடு வரிசையில் நின்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். பாப்பாவை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சின்னப் பெட்டிக்கே கை தூக்கினாள் கோகிலா. தூக்கிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

முந்நூறு வீடு டப்பாவோடு மேற்கே நின்றுகொண்டது. நூறு வீடு பீரோவோடு கிழக்குத் தெருவுக்குப் போனது.

மூன்றாம் நாள் பொங்கியண்ணனும் அவர் மனைவியும் ஒரு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"எங்க பீரோவுல எழுதியிருக்குது அம்மிணி. இந்தப் புள்ள எம்பட சம்சாரத்துக்குத்தான் பொறந்துச்சு. நூறு வீட்டுல ஒருத்தரும் இல்லைங்கல." எப்படிச் சொல்வார்கள்? திறந்து பார்க்க ஒருவர் வீட்டிலும் பீரோ இல்லையே.

பாப்பா கோகிலாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் மெல்ல வயிற்றில் கை வைத்தாள்.

"எந்தப் புள்ளைங்க? எனக்கு இன்னும் பொறக்கவே இல்லீங்களே. வேணும்னா பொட்டியத் தொறந்து பாருங்க."

மேற்குத் தெருவில் மேற்குப் பெட்டிதான் செல்லும். பொங்கியண்ணன் நியாயஸ்தர். படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். எதிலும் இல்லை. அவர் மனைவி கோகிலாவின் வயிற்றைத் தடவி, "பாத்து நட கண்ணு" என்றாள். தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனார்கள்.

அடுத்த வாரம் கோகிலாவின் கோழி இட்ட முட்டையில் இரண்டு கரு இருந்தது. பன்னிரண்டு சீட்டையும் அவளே பொறுக்கினாள். முதல் சீட்டு டெய்லர் அங்கமுத்துவுடையது. அவர் பாதி தைத்த ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார். பாப்பாவின் சீட்டை அவள் கிழித்து அடுப்பில் போட்டாள். வயிற்றில் இருக்கும் பிள்ளையை யார் தொட்டிலோடு வந்து கேட்க முடியும்?

இப்போது அவளுக்கு அறுபத்தொன்பதாம் மாதம். நேற்று நர்ஸ் பிரமிளா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை திரும்பிவிட்டது, இனி எந்த நேரமும் ஆகலாம் என்றாள். நர்ஸ் புறப்படும்போது பாப்பா அவள் செருப்பை எடுத்து வந்து வாசலில் ஜோடியாக வைத்தது.