தை மாதத்துக்குப் பிறகு நாற்பத்தோரு பேர்

திங்கட்கிழமை காலை செழியன் மாடிப்படி ஏறி வந்தபோது, போர்வையில் சுற்றிய ஒரு பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மேசையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"ஆன் ஆவுதும்மா. ஆனா உள்ள ஒண்ணுமே காட்டல. புதுசா ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டுச்சி. பயந்துபோய் நிறுத்திட்டேன்."

"நல்ல வேளைண்ணா. அத அழுத்தியிருந்தீங்கன்னா அவ்ளோதான்" என்றாள் தென்றல்.

செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது அவள் கடை. கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தருவது அவள் வேலை. சென்னையில் எட்டு வருடம் இதையே செய்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவள். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் வருவார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தண்ணீர் கொட்டிய லேப்டாப்போடு வருவார்கள். செழியன் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது வேறு.

செழியன் டெம்போ ஓட்டுகிறவர். பதினோரு வருடமாக, கேட்க ஆளில்லாமல் இறந்துபோகிறவர்களை அடக்கம் செய்துவருகிறார். இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் போவதில்லை. கிரிவலப் பாதையோரம் படுத்தவர்களில் சிலர் காலையில் எழுந்திருப்பதில்லை. பிணவறையில் நாள் கணக்கில் கிடந்தும் யாரும் தேடி வராதவர்களைப் போலீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். மண்ணில் வைப்பதற்கு முன் ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பார், தலையைச் சீவிவிடுவார். அப்புறம் ஆறு படம் எடுப்பார். முகம், கைகள், கால்கள், உடம்பில் உள்ள அடையாளம், உடுத்தியிருந்த துணி, கூட இருந்த பொருள். அடக்கத்தை முழுக்க வீடியோவும் எடுத்து வைப்பார். என்றைக்காவது யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியை அவர் வீட்டில் பொருத்திக் கொடுத்தவள் தென்றலே. உள்ளே நான்கு டிஸ்க். ஒவ்வொரு படத்தையும் துண்டுபோட்டு நான்கிலும் பரப்பி வைக்கும். ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு, போனதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். இரண்டு போனால் எதையும் சொல்லாது.

"சிவப்பு லைட்டு எதுனா எரிஞ்சுதாண்ணா?"

"எரிஞ்சுது."

"எப்போ?"

"பொங்கல் முடிஞ்சி. ரெண்டாவது டிஸ்க்குக்கு நேரா. கீ கீன்னு சத்தம் வேற போட்டுச்சி. பட்டன அழுத்தினேன், சத்தம் நின்னுடுச்சி."

"தையில எரிஞ்சிருக்கு. ஆவணி ஆயிடுச்சி. ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

செழியன் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார். குற்றம் சொல்கிற குரலில் அல்ல, ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னார். "நீதானம்மா சொன்ன, ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆவாதுன்னு."

தென்றலுக்கு நன்றாக நினைவிருந்தது. வேங்கிக்காலில் அவர் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் மனைவி கஸ்தூரி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னது. சொன்னது தப்பில்லை. ஆனால் ஒன்று போனால் அன்றைக்கே அதை மாற்றியாக வேண்டும், அடுத்தது போனால் எல்லாம் போச்சு என்ற பாதியை அவள் சொல்லவே இல்லை. அவளுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்கவில்லை.

"ஆமாண்ணா, சொன்னேன்" என்றாள்.

டிஸ்க்குகளை வெளியே எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டாள். ஒன்றும் நான்கும் நன்றாக இருந்தன. இரண்டாவது தையிலேயே வரிசையிலிருந்து விலகிவிட்டது. ஆனால் தனியாகப் போட்டுப் பார்த்தால் படிக்க முடிந்தது. தை வரைக்கும் நடந்தது அதற்குத் தெரியும், அதற்குப் பின் எதுவும் தெரியாது. மூன்றாவதுதான் இப்போது கெட்டது. சுற்ற ஆரம்பித்ததும் உள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. உடனே மின்சாரத்தை நிறுத்தினாள்.

எந்த டிஸ்க்கிலும் நேரடியாகக் கைவைக்கக் கூடாது. முதலில் நகல், அப்புறம் நகலில்தான் வேலை. மற்ற மூன்றையும் நகலெடுக்க இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை மத்தியானம் அந்த நகல்களைச் சேர்த்து ஓட்டியபோது படங்கள் வரத் தொடங்கின. பத்து வருடத்து முகங்கள். கண் மூடியவை, பாதி திறந்தவை, ஈரம் காயாத தலைமுடி. ஒவ்வொரு வருடத்து ஃபோல்டரையும் திறந்து செழியன் எண்ணிப் பார்த்தார். கடந்த தை வரைக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜோதியம்மாள் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. கஸ்தூரி வழி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"செத்தவங்கள போட்டோ புடிச்சி வெக்கிறவரு இங்க கீறாருன்னாங்க."

"நான்தாம்மா" என்றார் செழியன்.

அவள் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். வீட்டுக்காரர் சுப்பிரமணிக்கு இரண்டு வருடமாக மறதி. சித்ரா பௌர்ணமிக்கு ஊர்க்காரர்களோடு இருவரும் மலை சுற்ற வந்தார்கள். கூட்டத்தில் அவள் பிடித்திருந்த கை நழுவியது. அதற்குப் பின் அவரைப் பார்க்கவில்லை.

"நாலு மாசமா தேடறேன் தம்பி. கம்ப்ளெயிண்டு குடுத்துட்டேன். ஒரு எடத்துல ஜெராக்ஸ் காட்டினாங்க. மூஞ்சி கறுப்பா கீது, இன்னாருன்னே தெரியல. சோறு போடற எடத்துல ஒருத்தர்தான் உங்களப் பத்திச் சொன்னாரு. எனக்கு இருக்காரா இல்லியான்னு தெரிஞ்சா போதும்."

செழியனும் தென்றலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்திரை. தைக்குப் பின்.

தைக்குப் பிறகு செழியன் அடக்கம் செய்தது நாற்பத்தோரு பேரை. அந்த எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். பெட்டியிலிருந்து அவர்களுடைய படங்களில் ஒன்றையாவது மீட்க வேண்டுமானால் மூன்றாவது டிஸ்க் பேச வேண்டும். தென்றல் சென்னையில் தன்னோடு வேலை பார்த்த பாலாஜியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டிஸ்க்கை ஒரு தரம் சுற்றவிட்டுச் சத்தத்தைக் கேட்கச் செய்தாள்.

"படிக்கிற முனை தேஞ்சி போயிருக்கு. தட்டுலயும் கீறல் விழ ஆரம்பிச்சிருக்கும்" என்றான் பாலாஜி. "இங்க அனுப்பினா திறந்து முனைய மாத்திப் பாக்கலாம். ஆனா கீறல் இருந்தா புது முனையும் போயிடும். இப்ப படிக்குதுன்னா முடிஞ்சத எடுத்துடு. ஒரு தடவதான் சான்ஸ். எது முக்கியமோ அத முதல்ல எடு."

இதைச் செழியனுக்குப் புரிகிற மாதிரி தென்றல் சொன்னாள். டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் முனைக்கு அலைச்சல் கம்மி. அதிகம் பேர் கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனால் சித்திரை, வைகாசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடலாம். சித்திரையைத் தேடிக் குதித்துப் போனால் அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்கலாம். அந்தக் குதிப்பிலேயே மற்றவர்கள் போய்விடலாம்.

செழியன் சன்னலோரம் போய் நின்றார். கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"அவங்களுக்கும் யாராச்சும் வருவாங்கம்மா" என்றார். "ஆறு வருஷம் கழிச்சி வந்தவங்க இருக்காங்க. ஆந்திராலேருந்து ஒரு பையன் வந்தான், அவங்க அப்பாவத் தேடி. மத்தவங்களுக்கு இப்ப யாரும் வந்து நிக்கலேன்றதுக்காக…" முடிக்காமல் நிறுத்தினார். பிறகு ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜோதியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நீயே பாத்துச் செய்."

பெட்டியைப் பொருத்தியபோது காட்டிய அலட்சியத்தால்தான் இப்போது இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று தென்றல் நினைத்தாள். வேறு யார் மீதும் அதைத் தள்ள முடியாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தாள். ஃபேனை நிறுத்தினாள், சத்தம் கேட்க வேண்டும். எந்தப் படம் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணையை முதலில் எடுத்தாள். பிறகு சித்திரைக்குப் போனாள்.

டிஸ்க் டிக் என்றது, நின்றது, மறுபடி படித்தது. திரையில் சதுரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சித்திரை முடிய நாற்பது நிமிடம் ஆனது. வைகாசிக்கு ஒரு மணி நேரம். பிறகு தைக்குத் திரும்பி வந்து, மாசி, பங்குனி என்று வரிசையாகப் போனாள். பங்குனி முடிந்து ஆனிக்குள் நுழைந்தபோது சத்தம் மாறியது. டிக் டிக் நின்று, கரண்டியால் வாணலியைச் சுரண்டுவது போன்ற ஒலி. தென்றல் வயரைப் பிடுங்கினாள். அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டாள். அது சுற்றவே இல்லை.

அவள் எண்ணினாள். இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். செழியனின் கேமரா கார்டில் அழிக்காமல் இருந்த ஐந்து பேரைச் சேர்த்தால் இருபத்தொன்பது. அதற்கு முன்பு கார்டில் இருந்தவர்கள் மீது புது வீடியோக்கள் பதிந்துவிட்டன. பன்னிரண்டு பேர் இல்லை.

"ஆனி, ஆடி" என்றாள் செழியனிடம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தேடி வருகிறவர்களுக்கு முகத்தை முதலில் காட்டாதது செழியனின் வழக்கம். காலையிலேயே மறுபடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜோதியம்மாளுக்கும் அப்படித்தான். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொருவராகப் பார்த்தார். பெண்களையும் வயது குறைந்தவர்களையும் விலக்கினார். மீதி ஏழு பேர். அவர்களுடைய கால்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இல்ல" என்றாள். "இல்ல." மூன்றாவது, நான்காவது, இல்லை. ஐந்தாவது படத்தில் குனிந்தாள். வலது கால் பெருவிரல் நகம் பிளந்து, கறுத்து, மேடாக வளர்ந்திருந்தது.

"மோட்டார் விழுந்துச்சி" என்றாள். "கெணத்துல மோட்டார் எறக்கும்போது. எங்க பெரிய பொண்ணு பொறந்த வருஷம்." கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "மூஞ்சியக் காட்டுப்பா."

செழியன் காட்டினார். அவள் அழவில்லை. திரையை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது.

"தல வாரினது யாரு?"

"நான்தாம்மா."

"அவரு மேல தூக்கி வாருவாரு" என்றாள். பிறகு, "தேதி இன்னா?" என்று கேட்டாள்.

"வைகாசி ஆறாம் தேதி அடக்கம் பண்ணேன். அதுக்கு அஞ்சு நாள் முந்தி, மலை சுத்தற பாதையோரம் வேப்பமரத்தடில எறந்து கெடந்தாருன்னு போலீஸ் பேப்பர்ல இருக்கு. தூக்கத்துல போயிருக்கார்."

அவள் மனதுக்குள் நாட்களைக் கணக்குப் போட்டாள். கை நழுவிய பிறகும் அவர் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கிறார். தான் அந்தப் பாதையில் தேடிக்கொண்டிருந்தபோதே. அது புரிந்ததும் அவள் முகம் கோணிக்கொண்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தென்றல் எழுந்து போய் அவள் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து ஜோதியம்மாள் துணியின் படத்தைக் கேட்டாள். வெள்ளை வேட்டி, மடிப்பு கலையாத புதுசு.

"இது நான் எடுத்துக் குடுத்தது இல்ல. நீலக் கட்டம் போட்ட லுங்கிலதான் வந்தாரு. யாரோ வேட்டி கட்டி விட்டுக்கீறாங்க. அவருக்குத் தானா கட்டிக்க வராது." அதை இரண்டு முறை சொன்னாள். "யாரோ பக்கத்துல இருந்து கட்டி விட்டுக்கீறாங்கம்மா."

மத்தியானம் செழியன் அவளை டெம்போவில் அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தென்றல் அந்த முகத்தின் படத்தைப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்திருந்தாள். படியிறங்கும்போது ஜோதியம்மாள் திரும்பி, "நல்லா இரும்மா" என்றாள். தென்றலால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேங்கிக்காலுக்குப் போனாள். புது டிஸ்க்குகள் போட்ட பெட்டியையும், தனியாக வேறொரு நகலையும் எடுத்துப் போனாள். நகலை அவர் தம்பி வீட்டில் வைக்கச் சொன்னாள். எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த முறை முழுக்கச் சொன்னாள். கஸ்தூரியையும் கூப்பிட்டு வைத்து மறுபடி சொன்னாள்.

பிறகு, "அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேண்ணா. அந்தப் பன்னெண்டு பேரும் என்னாலதான் போனாங்க" என்றாள்.

செழியன் சமாதானம் சொல்லவில்லை. "நானும் சத்தத்த நிறுத்திட்டுப் போய்ட்டேன்" என்றார். "சரி, எழுது. ஞாபகம் இருக்கறத சொல்றேன்."

போலீஸ் தாள்களில் தேதியும் இடமும் இருந்தன. மற்றதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நெற்றியில் வெட்டுத் தழும்பு. காது வளர்த்த கிழவி, ஒரு காது அறுந்தது. இடது கையில் ஆறு விரல். சட்டைப் பையில் செங்கத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட்டும் இரண்டு பீடியும். முழங்கையில் பச்சையம்மாள் என்று பச்சை குத்திய ஆள். அது மனைவி பேரோ, அம்மா பேரோ, சாமி பேரோ. தென்றல் அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தாள். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது, ஆடி பதினேழு. ஆண், சுமார் ஐம்பது வயது, பஸ் ஸ்டாண்ட்.

செழியன் கண்ணை மூடினார், திறந்தார். எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தார்.

"அன்னிக்கு மழ" என்றார். "குழில தண்ணி நின்னுச்சி, எறைச்சிட்டுத்தான் வெச்சோம். அது ஞாபகம் இருக்கு. ஆள் ஞாபகம் வரல."

"மெதுவா யோசிங்கண்ணா."

அவர் யோசித்தார். கஸ்தூரி வந்து வாசற்படியில் நின்றாள். கடைசியில் அவர் இல்லை என்று தலையசைத்தார். தென்றல் அந்தக் கட்டத்தில் 'மழை பெய்தது, குழியில் நீர் இறைத்து அடக்கம்' என்று எழுதி, அடையாளம் என்ற இடத்தைக் காலியாக விட்டுச் சேமித்தாள்.