அம்புக்குறி

சாயப்பட்டறை விசிறிக்கு மோட்டார் மாற்றி மூன்று நாளாகியும் ஆவி சரியாக வெளியேறவில்லை. எல்லோருக்கும் கண் எரிந்தது. பழி, விசிறியைப் பராமரிக்கும் என் அக்கா மேல் விழுந்தது.

"மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா நீ பழையபடி மூட்டை கட்டப் போயிடும்மா," என்றார் மேஸ்திரி.

அக்கா விசிறியை நிறுத்தி, சுற்று அடங்கும்வரை இறக்கைகளையே பார்த்தாள். பிறகு விசிறிக் கூட்டின் மேலிருந்த அழுக்கைத் துடைத்தாள். அடியில் இருந்த அம்புக்குறி, இறக்கைகள் சுற்றியதற்கு எதிர்ப்பக்கம் காட்டியது.

"அண்ணே, மோட்டாருக்கு ஒயர் மாட்டினது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன?" என்றார் மேஸ்திரி.

"தலைகீழா சுத்துது."

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள். மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஆவி மொத்தமும் குழாய்க்குள் பாய்ந்தது. மேஸ்திரியின் தோள்துண்டும் பறந்துபோய் விசிறியின் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டது.

"என் துண்டு! நிறுத்தும்மா!"

"மத்தியானம் வரைக்கும் ஓடட்டும் அண்ணே," என்றாள் அக்கா.