ஓரடிக் குழாய்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முத்துலிங்கத்துக்கு வியாபாரத்தில் ஒரே கொள்கைதான். முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். வந்தவர் "என்ன வெல?" என்று கேட்டால், "நீங்க சொல்லுங்களேன், வெளியாளா நீங்க?" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட எதிராளி பேசும்வரை மூன்று வடையும் இரண்டு கப் தேத்தண்ணியும் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அதை அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பாடசாலை மண்டபத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்பதால் மேடையில் ஒரு நாற்காலி. பக்கத்தில் அதிபர் இராமையா, அவருக்குப் பக்கத்தில் போலீஸ் பொறுப்பதிகாரி. மூவருக்கும் பின்னால், சுவரில் சாய்த்தபடி, ஆண்பிள்ளைகள் கழிவறையின் தகரக் கதவு. கதவின் நடுவில் சுண்டுவிரல் நுழையுமளவு ஒரு ஓட்டை.

திங்கட்கிழமை இடைவேளையில் ஒரு சத்தம் கேட்டதாம். பட்டாசு என்று நினைத்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மறுநாள் துப்புரவு செய்யப் போனவர்தான் ஓட்டையைப் பார்த்தார். புதன்கிழமைக்குள் கதை லிந்துலை வரைக்கும் போய், மூன்று பிள்ளைகள் செத்துப்போனதாகத் திரும்பி வந்தது. வியாழக்கிழமை பாதி வகுப்புகள் காலி. இன்று எல்லாப் பெற்றோரும் மண்டபத்தில்.

"செல்போன பறிங்க, எல்லாம் சரியாகும்" என்றார் ஒருவர்.

"கேமரா போடுங்க."

"கக்கூஸுக்குள்ளயா போடச் சொல்றீங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல். இரண்டு பேர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பொறுப்பதிகாரி நன்றாகவே தமிழ் பேசினார். "இது வீட்டுல செஞ்ச சாமான். காட்டுப்பன்றி சுடுறதுக்கு தேயிலத் தோட்டத்துல செய்றாங்க இல்லையா, அந்த மாதிரி. குழாய் எல்லாம் டவுன்ல தானே வாங்குறாங்க."

மண்டபத்தின் கண்கள் மொத்தமாக முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பின. கடனுக்குக் கேட்கிறவர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் குழாய் விக்கிறது தண்ணிக்குங்க" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே ஒரு குழாய் நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. மழைக்குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்ட ஒரு பையன், ஒரே ஒரு அடி இரும்புக் குழாய் கேட்டான். ஓரடிக் குழாயை யாரும் வாங்குவதில்லை. வெட்டுகிற கூலிக்கே கட்டாது. இவர் வழக்கம்போல இரட்டை விலை சொல்லிவிட்டு, பாதிக்கு இறங்கத் தயாராக நின்றார். பையன் பேரம் பேசவில்லை. சொன்ன காசை அப்படியே நீட்டினான். முப்பது வருஷ வியாபாரத்தில் விலை பேசாமல் வாங்கிப்போன தோட்டத்துப் பிள்ளையை அவர் பார்த்ததில்லை. மறைக்க ஏதோ இருக்கிறவன்தான் விலை பேசமாட்டான் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷத்தில் குழாயின் வாயை அரத்தால் ராவி மழமழப்பாக்கிக் கொடுத்தார். "கையக் கிழிச்சிரும் தம்பி" என்று வேறு சொன்னார்.

காசு நீட்டிய அந்தக் கையின் பெருவிரல் நகம் நசுங்கிக் கறுத்திருந்தது.

அதிபர் இராமையா எழுந்தார். "வீணாப் பேசி நேரம் போகுது. ஏ.எல். படிக்கிற பெரிய பிள்ளைங்க எல்லாரையும் நிப்பாட்டித்தான் வெச்சிருக்கோம். மாணவத் தலைவர்கள் இப்பவே பேக் சோதிப்பாங்க. ஒரு பிள்ளையும் சோதிக்காம வீட்டுக்குப் போகாது."

கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. மேசை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையில் வந்து பையைக் கவிழ்த்தார்கள். கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி, நனைந்த குடை. மேசைக்குப் பின்னால் நின்ற மாணவத் தலைவன் ஒவ்வொரு பைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பெயர் மதுரன். கணிதப் பிரிவில் முதலாவது. அவனுடைய பை மட்டும் அவன் தோளிலேயே இருந்தது. சோதிக்கிறவனை யார் சோதிப்பார்கள்?

அவன் கையை ஜன்னலருகே நீட்டியபோது வெளிச்சம் பட்டது. பெருவிரல் நகம் கறுப்பு.

அவனும் நிமிர்ந்தான். முத்துலிங்கத்தைப் பார்த்தான். பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு அடுத்த பையை இழுத்தான்.

பொறுப்பதிகாரி இரண்டடி தூரத்தில் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலீஸ்காரர் ஓடுவார், பையன் பயந்து பைக்குள் கை விடுவான், வரிசையில் நிற்கிற முப்பது பிள்ளைகளில் ஒருத்தி தன்னுடைய மகள் சர்மிளா.

"வாய் வறண்டு போச்சு, தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று முத்துலிங்கம் எழுந்தார்.

வராந்தாவில் நிதானமாக நடந்தார். பிடித்த சாமானை முதலில் பார்க்கக்கூடாது என்பது சந்தைப் பழக்கம். மகளைப் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. "மதுரன் தம்பி, மைக்குக்கு ஒரு வயர் வேணும். ஸ்டோர் ரூமைக் கொஞ்சம் தொறந்து விடு. இத வேற யாராவது பாக்கட்டும்."

பையன் ஒரு கணம் நின்றான். பிறகு சாவியை எடுத்தான்.

அறைக்குள் கிரிக்கெட் மட்டைகளும் பழைய வலைகளும். முத்துலிங்கம் கதவைச் சாத்தினார், பூட்டவில்லை.

"உன்னத்தான் தேடிட்டு இருந்தேன். அந்தக் குழாய் பிழையான சாமான் தம்பி. ஒட்டுன இடம் விட்டிருக்கு. தண்ணிக்கே தாங்காது, வேற எதுக்கும் வெச்சா கையோட போயிரும். கொண்டா, மாத்தித் தாறேன்."

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாதுன்னு போர்டு போட்டிருக்கீங்களே மொதலாளி."

"போர்டு வாங்குறவங்களுக்கு. எனக்கில்ல."

"நல்ல சாமான்னு சொல்லித்தானே குடுத்தீங்க."

"விக்கிறப்ப எந்தக் கடக்காரன் கெட்ட சாமான்னு சொல்லுவான்?"

"ஒரு தடவ வெடிச்சிருச்சு. குழாய்க்கு ஒண்ணும் ஆகல."

பொய் அங்கேயே செத்தது. பையனின் வலக்கை பையின் ஜிப்புக்குள் இருந்தது. எப்போது போனதென்று முத்துலிங்கம் கவனிக்கவில்லை.

"இப்ப?" என்றார்.

"குண்டு போட்டுத்தான் இருக்கு."

தாழ்வாரத்தில் யாரோ ஓடினார்கள். இருவரும் கதவைப் பார்த்தார்கள். ஓட்டம் கடந்து போனது.

"யாரச் சுட?"

"சுட இல்ல. காட்ட."

"எடுத்துக் காட்டின சாமான் அதுக்கப்பறம் நம்ம கையில இல்ல தம்பி. எதிர்ல நிக்கிறவன் என்ன செய்றானோ அதான் யாவாரம்."

"நான் மூணரை பஸ்ஸுக்குப் போகணும்" என்றான் மதுரன். குரல் உடைந்து, சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "கேட்டுக்கு வெளிய பச்ச ஓட்டோ நிக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு போத மாத்திர விக்கிறானுங்க. தெரிஞ்சா சொல்லுங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. சொன்னேன். அடுத்த நாளே என் பேரு அவனுங்களுக்குப் போயிருச்சு. போன்ல பிஸ்டல் படம் அனுப்புனானுங்க. அது நெசத் துப்பாக்கி மொதலாளி. என்னோடது வெறும் குழாய்."

முத்துலிங்கத்தின் கண் பையின் ஜிப்பை விட்டு நகரவில்லை.

"மத்த நேரம் அந்த ஓட்டோ உங்க கட முன்னுக்குத்தான் தெனமும் நிக்குது. நீங்க பாத்ததே இல்லயா?"

பார்த்திருக்கிறார். ஆறு மாதமாகப் பார்க்கிறார். யார் வருகிறார்கள், கை எப்படி மடங்குகிறது, எல்லாம் தெரியும். கை மடங்குவதைப் படிப்பதுதானே அவர் தொழில். வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்திலிருந்து மைக்கில் ஒரு பெண் குரல் வந்தது. அழகம்மை, மதுரனின் அம்மா. அரைப்பேர் விழுந்து அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லையென்று, பாதி நாள் தேயிலைக் கொழுந்தோடு வேலையை விட்டு வந்தவள். "எந்த வீட்டுப் பிள்ளயா இருந்தாலும் போலீசுல குடுங்க சேர். கை கால ஒடச்சாலும் பரவாயில்ல. எங்க பிள்ளைங்க உசுர கையில புடிச்சிட்டுப் படிக்கணுமா?"

கைதட்டல் நீண்டது.

பையனின் முழங்கை இறுகியது. தோள்பட்டி மேலே ஏறியது. பையின் மூலை மெதுவாகத் திரும்பியது, முத்துலிங்கத்தின் பக்கம் அல்ல, அவனுடைய விலாப் பக்கம்.



"இத விட்டா எனக்கு என்ன தருவீங்க?" என்றான் மதுரன்.

வாழ்நாள் முழுக்க அவர் பிறரிடம் கேட்ட கேள்வி. எதிராளி முதலில் சொல்லும்வரை காத்திருக்கலாம். காத்திருந்தால் இந்தப் பையன் இன்னும் அரை அங்குலம் திருப்புவான்.

"நான் மொதல்ல சொல்றேன், கேளு" என்றார். "அந்த ஓட்டோ நம்பர் எனக்குப் பாடம். ஓட்டுறவன், வாங்குறவன், பெட்டி எங்க ஒளிச்சிருக்கான், எல்லாம் நானே மைக்குல சொல்லுவேன். உன்கிட்ட கேட்டுச் சொன்னதா இல்ல. நான் பாத்ததா. குழாய் என் கடக் குழாய்ன்னும் சொல்லுவேன். ராவிக் குடுத்தது நான்."

"என்னய போலீசு கொண்டுபோகும்."

"கொண்டுபோகும். அதுல வெலக் கழிவு கெடையாது. ஆனா ஜீப்புல ரெண்டு பேர் ஏறுவோம்."

"பரீட்ச?"

"கேஸுக்குச் சட்டத்தரணிய நான் பாக்குறேன். மிச்சம் எனக்குத் தெரியாது. தெரியாதத விக்கமாட்டேன்."

மதுரனின் நெற்றியில் வியர்வை, இந்தக் குளிரில்.

"அம்மாவுக்கு நீங்க சொல்லணும்" என்றான் கடைசியில். "நான் சொல்லமாட்டேன். அதுக்குச் சம்மதிச்சாத்தான்."

பையன் விலை பேசிவிட்டான். விலை பேசுகிறவன் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிறவன். உயிரோடு வீட்டுக்குப் போக நினைக்கிறவன்.

"சரி."

கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. பையைக் கழற்றித் தரையில் வைக்கச் சொல்லி, குழாயின் வாய் சுவரைப் பார்க்கும்படி காலால் மெல்லத் தள்ளினார். அதற்குமேல் தொடவில்லை. இருவரும் வெளியே வந்தார்கள். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வரிசையிலிருந்து சர்மிளா, "என்னப்பா, வயர் எங்க?" என்றாள். "கெடைக்கல" என்றார்.

மண்டபத்தில் அழகம்மை இன்னும் மைக்கை விடவில்லை. மகன் உள்ளே வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இந்தா, என் பிள்ள மாதிரி நாலு பேர் இருந்தா" என்று ஆரம்பித்தாள்.

முத்துலிங்கம் மேடைக்கு ஏறவில்லை. கீழேயே, அவள் பக்கத்தில் போய் நின்றார். பையன் அவருக்கு ஒரு அடி பின்னால்.

"தங்கச்சி" என்று கையை நீட்டினார். "மைக்க இப்பிடிக் குடுங்க. நீங்க உக்காருங்க. முதல்ல நான் பேசுறேன்."