பாதி தேய்த்த டிரம்

ஜனெல் பீர்ப் பீப்பாயின் குழாயைத் திருப்பிப் பிடித்த முதல் கிளாஸில் முக்கால்வாசி நுரைதான் வந்தது. அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது பிடித்தாள். நிறத்தில் ஒரு குறையும் இல்லை. ஷெட் வாசலில் விழுந்த வெயிலில் தேன் போலத்தான் தெரிந்தது. வாயில் வைத்ததும் தாடை இழுத்துக்கொண்டது. சுத்தமான காடி. துப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் விழுங்கினாள். வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு எதுவுமே சட்டென்று தோன்றுவதில்லை.

இரண்டு மணிக்கு அப்பாவின் அடக்கம். அது முடிந்ததும் ஸ்ட்ரீக்கி பே ஊரில் பாதிப் பேர் இந்தக் கொல்லையில் வந்து நிற்பார்கள். தேவாலயத்துப் பெண்கள் சாண்ட்விச்சும் ஸாஸேஜ் ரோலும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். பீர் மட்டும் வீட்டுப் பொறுப்பு.

அப்பா கிளாரி ஹென்ஸ்பி, தன் பிறந்தநாள் கேக்கை வெட்டும்போதெல்லாம் கத்தியை நீட்டிக்கொண்டு ஒரு பேச்சுப் பேசுவார்.

"என் சாவுக்கு எவனாவது கடை பீர் வாங்கி வெச்சீங்கன்னு வையி, எந்திரிச்சு வந்து உதைப்பேன். அன்னைக்கு என் சரக்குதான் ஓடணும். ஜென், நீ சத்தியம் பண்ணு."

ஒரே மகள். வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். இப்போது பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பீப்பாய் நிறைய அவர் சரக்கு இருக்கிறது. அதைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

வெளியே பிக்கப் வண்டி வந்து நின்றது. ஸ்பட் இறங்கினார். அப்பாவோடு தானியக் கிடங்கில் ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவர். வியாழக்கிழமை காலை இதே ஷெட்டில், பெஞ்சுக்குப் பக்கத்து ஸ்டூலில் அப்பா சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் அவர்தான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலிகளை இரண்டு இரண்டாகத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார். அவள் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"குடிச்சுப் பாருங்க."

"வேணாம் கண்ணு. எனக்குத் தெரியும்."

அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. பிக்கப்பின் பின்னால் தார்ப்பாய் மூடியிருந்தது. அதன் ஓரத்தில் அட்டைப்பெட்டிகளின் மூலைகள் எட்டிப் பார்த்தன.

"கடை பீரா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார் ஸ்பட். "எடுத்தே ஆகணும்னு இல்ல. நீ சொல்றதுதான்."

ஒருவன் காய்ச்சிய பீரை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்வது இந்த ஊரில் கிடையாது. அவன் ஓட்டுகிற வண்டியைச் சொல்லலாம், பெண்டாட்டி சமையலைக்கூடச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். அவன் சொந்தக் கையால் காய்ச்சி, ஊற்றி, எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அருமை" என்ற ஒரே ஒரு சொல்தான் உண்டு. அந்த மரியாதையில்தான் கிளாரியின் பீர் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலை திரும்பியதும் கிளாஸ்கள் ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் எலுமிச்சை மரத்தடிக்குப் போய்விடும். அந்த மரம் குடித்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் குடித்திருக்க முடியாது.

எல்லாம் தொட்டியில் ஆரம்பித்தது. மழைத்தண்ணீர்த் தொட்டி அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அப்பா குழாய்த் தண்ணீரில் காய்ச்ச ஆரம்பித்தார். ஊர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். கெட்டிலுக்குள் ஒரே மாதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். பீர் புளிக்கிற டிரம்மில் அந்தச் சுண்ணாம்பும் பீர்க்கசடும் சேர்ந்து டீக்கறை நிறத்தில் கல்லாகப் படியும். கண்ணுக்கு வெறும் கறை. தடவினால்தான் சொரசொரப்புத் தெரியும். கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அப்பா ஒவ்வொரு முறையும் குழந்தைத் துணி ஊறவைக்கிற பவுடரைப் போட்டு, விழுந்து விழுந்து கழுவுவார். பவுடர் மேலழுக்கை எடுக்கும். கல்லை அசைக்காது.

"கல்லுக்கு ஆசிட் வேணும்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஸ்பட் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "உங்கம்மா போன பிறகு அவன் இந்த ஷெட்டைத் தவிர எங்க போனான், சொல்லு. நீ ஏன் சொல்லல?"

போன புதன்கிழமை சாயங்காலம் அப்பா ஊற்றிக் கொடுத்தார். "சூப்பர்ப்பா" என்றாள். "இன்னொண்ணு?" என்றார். "வேணாம்ப்பா, வண்டி ஓட்டணும்." அப்பா அவள் காலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். "நீ நடந்துல்ல வந்த?" என்றார். அவள் சிரித்து மழுப்பினாள். அவரும் சிரித்தார். அவள் கிளாஸை வாங்கி, மீதியை அவரே குடித்தார். அதுதான் அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு.

"பெஞ்சைக் கொஞ்சம் ஒதுக்கணும்" என்றாள். "ரோல் வைக்க இடம் வேணும்."

பெஞ்சின் மேல் அப்பாவின் எவர்சில்வர் டிரம் மூடியோடு நின்றது. அதன்மேல் அம்மாவின் மஞ்சள் ரப்பர் கையுறைகள், ஒன்று உள்புறம் வெளியாகத் திரும்பி, காய்ந்து கிடந்தன.

"நான்தான் உருவிப் போட்டேன்" என்றார் ஸ்பட். "கையில மாட்டியிருந்தான். ஏதோ கழுவிக்கிட்டு இருந்திருப்பான்னு நெனச்சேன். உள்ள பாக்கல."

ஜனெல் மூடியைத் திறந்தாள். பாதி டிரம்முக்குப் பழுப்பு நிறத் தண்ணீர். மூக்கில் சுருக்கென்று ஏறியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே வாய்க்காலில் சாய்த்தார்கள். பிறகு தண்ணீர் விட்டு அலசி, வெயில் உள்ளே விழும்படி டிரம்மைத் திருப்பினாள்.

அடியிலிருந்து பாதி உயரம்வரை கண்ணாடியாக மின்னியது. அதற்குமேல் விளிம்புவரை பழைய டீக்கறை. நடுவில் கோடு போட்டது போல ஒரு எல்லை. அவள் கையை உள்ளே விட்டுத் தடவினாள். கீழே வழுவழு. கோட்டுக்கு மேலே உப்புத்தாள்.

ஸ்பட் பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்தார். மாட்டுப் பண்ணைகளில் பால் கறக்கும் குழாய்களில் படியும் கல்லைக் கரைக்கிற ஆசிட். சீல் புதிதாக உடைந்திருந்தது. கேனில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"இத யாரும் சொல்லாம வாங்கியிருக்க மாட்டான்" என்றார்.

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல. நீ?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

அப்பா வென்னீர் பாதிக்குத்தான் ஊற்றியிருக்கிறார். ஆசிட்டை மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்வார்கள்: பாதியை ஊறவைத்து, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் போட்டு மற்ற பாதியை ஊறவைப்பது. முதல் பாதி ஊறுகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஸ்பட். "நாம மரத்துக்கு ஊத்துனது எல்லாம்."

புதன்கிழமை தன் கிளாஸை வாங்கிக் குடித்த அப்பாவின் முகத்தை ஜனெல் நினைத்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவே இல்லை. அவரும்தான் இத்தனை நாளும் மரியாதை காத்திருக்கிறார், பொய் சொன்னவர்களிடம். நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. வலி என்று சொல்லலாம். அதற்குள் ஸ்பட் மணி பார்த்தார். அவள் உடை மாற்றப் போனாள்.

அடக்கத்தில் காற்று கடலிலிருந்து அடித்தது. போதகர் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். நீங்களும் ஒரு பிடி போடுங்கள் என்றதும் ஜனெல் மண்ணைப் போட்டாள். யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். தேங்காய்த்தூள் கேக் எத்தனை தட்டு வரும் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் கொல்லை நிறைந்துவிட்டது. ஸ்பட் பிக்கப்பின் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார். தார்ப்பாயின் முனை அவர் கையில் இருந்தது. ஜனெல் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஷெட்டுக்குள் போய்க் குழாயைத் திருப்பினாள்.

நிறம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கிளாஸாகக் கைமாறியது. வாங்கியவர்கள் அதன் மணத்தை முகர்ந்துவிட்டு, முகத்தைத் தயார் செய்துகொண்டார்கள். பழகிய முகங்கள். எல்லார் கண்ணும் கிளாரி நிற்கிற மூலையைத் தேடி, அங்கே யாருமில்லாததால் ஸ்பட்டிடம் வந்து நின்றன. அவர் கிளாஸைத் தூக்கினார். அருமை என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஸ்பட் ஒரு மடக்குக் குடித்தார். விழுங்க நேரமாயிற்று.

"கிளாரி" என்றார், பெஞ்சைப் பார்த்து. "இது கெட்டுப்போச்சுடா. ரெண்டு வருஷமாவே கெட்டுப்போச்சு. உன்கிட்ட சொல்ல எவனுக்கும் தைரியம் வரல."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "காடிடா, சுத்தக் காடி" என்றார். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினாள். எலுமிச்சை மரத்துப் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. முகத்தைச் சுளித்து, கண்ணை மூடி, திட்டிக்கொண்டே குடித்தார்கள். சிலர் இரண்டாவது கேட்டார்கள்.

ஜனெல் தன் கிளாஸைக் கடைசிவரை குடித்தாள். நன்றாகப் புளித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, புளிப்புக்குத்தான்.

பீப்பாய் காற்றை மட்டும் துப்ப ஆரம்பித்தபோது ஸ்பட் வந்தார். "காலி. இப்ப அந்தப் பெட்டிகள எடுக்கட்டுமா?"

"எடுங்க. அதுக்கு முன்னாடி கெட்டில்ல தண்ணி கொதிக்குது, கொண்டு வாங்க. இன்னும் ரெண்டு தடவ கொதிக்க வைக்கணும்."

அவர் கெட்டிலைக் கொண்டுவந்தார். அவள் திரும்பிக் கிடந்த கையுறையை ஊதிச் சரிசெய்து, இரண்டையும் மாட்டிக்கொண்டாள். துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டாள். டிரம்மில் முதலில் வென்னீர், பிறகு ஆசிட், கோட்டு உயரம்வரை. மூடியைப் போட்டு இறுக்கினாள். ஸ்பட் எதிர்ப்பக்கம் பிடித்தார்.

"மெதுவா" என்றாள்.

டிரம்மைக் கவிழ்த்து வைத்தார்கள். உள்ளே தண்ணீர் புரண்டு, கறை இருந்த பக்கம் இறங்கி அடங்கியது. மூடி கசியவில்லை. வெளியே யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. ஜனெல் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அது ஊறுகிறவரை உட்கார்ந்தாள்.