அரைநாளில் நீங்கிய தடை

என் மச்சான் மேல் குத்துச்சண்டை ஆணையம் போட்ட தடையை நீக்கச் சொல்லி ஒரு வருடம் நாயாய் அலைந்தேன். வாசலில் உட்கார வைத்தார்கள், நாளைக்கு வா என்றார்கள், தலைவர் ஊரில் இல்லை என்றார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர்களே போன் மேல் போன் போட்டுப் பேசி, மதியச் சாப்பாட்டுக்குள் அதே தடையை நீக்கிவிட்டார்கள். சாம்பியன் அடிப்பதற்கு அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவனுக்குப் பயிற்சி கொடுப்பது நான். டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மும் என்னுடையது. போன வருடம் அவன் சிறுநீரில் ஊக்கமருந்தின் சுவடு இருப்பதாகச் சொன்னார்கள். கடையில் எல்லாரும் வாங்கும் புரோட்டீன் பவுடர் டப்பாவை விசாரணைக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, இதில் கலந்திருக்குமோ, சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினோம். தலைவர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. "உடம்புக்குள்ள என்ன போகுதுங்கறது வீரனோட பொறுப்பு" என்றார். மூன்று வருடம் தடை.

தடை என்றால் சண்டை போடக்கூடாது என்பது மட்டுமில்லை. அவன் என் ஜிம்மில் கால் வைத்தாலே என் உரிமம் போய்விடும். மெத்தைக் கிடங்கில் சுமை தூக்கப் போனான். சாயங்காலம் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நின்று எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் உள்ளே இருக்கிறவர்களுக்குப் பயிற்சி சொல்வதுபோல, அவனுக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்துவேன். கிடங்கில் கழித்துப்போட்ட ஒரு மெத்தையை வீட்டுச் சுவரில் கட்டிவைத்துக் குத்துவான். "பக்கத்து வீட்டுக்காரங்க என் புருஷன் என்னைப் போட்டு அடிக்கறார்னு நினைக்கறாங்கடா" என்று அவன் அக்கா திட்டுவாள்.

இப்படி இருக்கும்போது சாம்பியன் மாட்டினான். அதே மருந்து. சுவடெல்லாம் இல்லை, தாராளமாகவே இருந்தது. ஹோட்டலில் சாப்பிட்ட இறைச்சியில் கலந்திருக்கும் என்று வக்கீல் சொன்னார். டப்பாவைத் தொடாத அதே தலைவர், கண்ணில் காணாத இறைச்சியை நம்பினார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அவனுடைய அடுத்த சண்டைக்கு டிக்கெட்டெல்லாம் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருந்தது.

ஆனால் எதிராளிக்கு ரோஷம் இருந்தது. மருந்து ஏற்றினவனிடம் அடி வாங்க மாட்டேன் என்று விலகிக்கொண்டான். அந்த எடையில் உரிமம் உள்ள மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். கடைசியில்தான் எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. சண்டை ஏற்பாட்டாளரின் ஆள் ஒருவர், ஊருக்கே மணக்கும் சென்ட்டைப் பூசிக்கொண்டு, எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தடை நீங்கிவிட்டது என்றார். இந்தச் சண்டையில் ஏறினால் நீங்கிவிட்டது. ஏறாவிட்டால் அப்படியே இருக்கும். இன்னொன்று, சாம்பியனின் பரிசோதனை பற்றி எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்போ அந்த ஆளு மருந்து சாப்பிட்டது உங்களுக்கே தெரியும்?" என்றாள் என் மனைவி.

"அது சாப்பாட்டுல கலந்தது, அக்கா."

"எங்க தம்பிக்கு மட்டும் ஆகாயத்துலேருந்து வந்துச்சா? முதல்ல என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு" என்று மச்சான் அவளை அடக்கினான்.

நான் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "பத்து நாள்ல உன்னை எடைக்குக் கொண்டுவரலாம். சண்டைக்குக் கொண்டுவர முடியாதுடா. அவன் உன்னைப் பொளந்துடுவான்" என்றேன்.

"இதை விட்டா இன்னும் ரெண்டு வருஷம் மெத்தை தூக்கணும் மாமா. அதுக்கப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்? நான் ஜெயிக்க வேணாம். கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னா போதும், மறுபடி கூப்பிடுவாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வெளிநாட்டு டிவிக்காகப் போட்டியை மதியமே வைத்திருந்தார்கள். அதை விவரமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆறாவது ரவுண்டுக்கு மேல் அது சண்டையே இல்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிய நான் கை தூக்கியபோதெல்லாம், வேண்டாம் என்று அங்கிருந்தே தலையாட்டினான். நடுவரும் நிறுத்தவில்லை. கடைசி மணி அடித்தபோது நின்றுகொண்டிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, ஓடிப்போய் அவனைத் தாங்கிக்கொண்டேன்.

உடை மாற்றும் அறையில் பரிசோதனை அதிகாரி பிளாஸ்டிக் கப்போடு தயாராக நின்றார். மச்சானால் ஒரு சொட்டுகூடப் போக முடியவில்லை. எடை குறைக்க உடம்பைக் காயப்போட்டதும் பன்னிரண்டு ரவுண்டு வியர்த்ததும் சேர்ந்து ஆளை வற்ற வைத்திருந்தன. தண்ணீர் கொடுத்தேன், வாந்தி எடுத்தான்.

"அந்தச் சாம்பியன்கிட்ட வாங்கிட்டீங்களா?" என்று என் மனைவி அதிகாரியைக் கேட்டாள்.

"அவர் பேட்டி குடுத்துட்டிருக்கார் மேடம்."

மச்சான் தலையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ எந்த ரவுண்டு மாமா?" என்றான். அவன் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினேன். ஒரு கண்ணின் கருமணி இன்னொன்றைவிடப் பெரிதாக விரிந்திருந்தது.

"ஆம்புலன்ஸ்!" என்று கத்தினேன்.

"சாம்பிள் குடுக்காம போனா, மறுத்துட்டார்னுதான் நான் எழுதணும் சார்" என்றார் அதிகாரி. அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"நீங்களும் வண்டில ஏறுங்க. ஆஸ்பத்திரில வந்து வாங்கிக்கங்க."

"அதுக்குத் தலைவர்தான் அனுமதி தரணும்" என்று போன் போட்டார். தலைவர் எடுக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எனக்கு ரிங் தெரிந்தது. தலைவர் சாம்பியனின் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு எங்கள் பேச்சில் பாதி புரிந்துவிட்டது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குடுத்துட்டே வரேன் மாமா. இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க. மறுபடி தடை போட்டுடுவாங்க" என்று அழுதான். ரிங்கில் அத்தனை அடிக்கும் அழாதவன். அவன் அக்கா பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். வலது கால் இழுக்கிறது, வார்த்தைகள் தேடித் தேடி வருகின்றன. இனி க்ளவுஸைக் கையால்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். நாங்கள் அவனிடம் சொல்லவில்லை. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அவன் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிடுவேன்.

சாம்பியனிடம் மறுநாள், ஓய்வெடுத்து எழுந்த பிறகு, ஹோட்டல் அறையிலேயே போய்ச் சாம்பிள் வாங்கியிருக்கிறார்கள். சுத்தமாக இருந்ததாம். எங்களுக்கு ஆணையத்தின் தீர்ப்பு தபாலில் வந்தது. பரிசோதனைக்கு மறுத்து வெளியேறிய குற்றத்துக்கு, இரண்டாவது முறை என்பதால் நான்கு வருடம் தடை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தலைவர் பத்திரிகையில் வேறு சொல்லியிருந்தார். வெட்கங்கெட்ட மனுஷன்.

என் மனைவி அதைக் கிழிக்கப் போனாள். மச்சான் கை நீட்டி வாங்கிக்கொண்டான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, வெகுநேரம் படித்தான்.

"நாலு வருஷம்தானே மாமா. அப்போ எனக்கு முப்பத்தஞ்சு. கொஞ்சம் எடை கூட்டி, மேல் பிரிவுல ஏறிடலாம்ல?"

"ஏறிடலாம்டா" என்றேன்.

அந்தப் படுபாவிகள் கொடுத்த தடைக்கு முதல்முறையாக மனதுக்குள் நன்றி சொன்னேன். அது முடிகிறவரை நான் அவனிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.